கோடு அசையவில்லை

அத்தியாயம் பதினொன்று

பருத்திக்காரர் தொலைபேசியில் கத்தவில்லை. கத்துகிற வாடிக்கையாளரைச் சமாளிக்க அவளிடம் தனிக் குரலே உண்டு. இவர் பல் டாக்டரிடம் வலிக்கும் பல்லைக் காட்டுகிறவர் போல நிதானமாகப் பேசினார்.

"உங்க கோடு தூங்குதும்மா."

"எந்த இடத்துல சார்?"

"நேத்து மதியம். பருத்தி விலை பேயாட்டம் ஆடுது. மேல போகுது, கீழ விழுது, யாருக்கும் ஒண்ணும் புரியல. உங்க கோட்டப் பாத்தா ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி கிடக்கு. ஒண்ணுமே நடக்காத நாள் மாதிரி."

பங்கோ, பருத்தியோ, செம்போ, எதை வாங்கி விற்பவராக இருந்தாலும் திரையில் ஓடும் விலைக்கு மேல் ஒரு கோடு வேண்டும் என்பார்கள். அந்தக் கோடுகளை எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை பார்த்த நான்காவது மாடி அலுவலகத்தின் பிழைப்பு. கடைசிச் சில விலைகளைக் கூட்டி வகுத்தால் சராசரி. புது விலை வர வரப் பழையதைத் தள்ளிவிட்டால் அது நகரும் சராசரி. கொஞ்சம் விலைகளை எடுத்தால் கோடு சின்ன அசைவுக்கும் துள்ளும். நிறைய எடுத்தால் லாரி மாதிரி அகல வட்டம் போட்டுத் திரும்பும். எத்தனை எடுப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும். அவள் எழுதியது அந்தச் சண்டையைக் கோட்டிடமே விட்டுவிடுகிற வகை. எத்தனை விலைகளை எடுப்பது என்று அதுவே அவ்வப்போது முடிவு செய்துகொள்ளும்.

"அது தூங்கல சார், அப்படித்தான் எழுதியிருக்கேன்," என்றாள். "விலை ஒரே பக்கமா போனா கோடும் கூடவே ஓடும். சும்மா மேலயும் கீழயும் குலுங்கினா, இதுல அர்த்தம் இல்லன்னு எடுத்துக்கும். இன்னும் பின்னாடி போய் நிறைய விலைய எடுத்து சராசரி போடும். அப்பத்தான் உங்களுக்குப் பொய் எச்சரிக்கை வராது."

"ரொம்ப மோசமா குலுங்கினா?"

"இன்னும் ரொம்பப் பின்னாடி போகும்."

"அதாவது, எவ்வளவு மோசமோ அவ்வளவு அமைதியா இருக்கும்னு சொல்றீங்க."

"ஆமா சார். எவ்வளவு மோசமா குலுங்குதோ, அவ்வளவு..."

வாக்கியம் பாதியில் நின்றது.

அவள் திரையின் வலது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். அதில் ஒரு பச்சைக் கோடு. அது பருத்தியும் இல்லை, செம்பும் இல்லை. வீட்டில் தனியாக இருக்கும் அவள் மாமியாரின் இதயத் துடிப்பு.

கோடு நேராக இருந்தது. காலையிலிருந்து அப்படியே. நேற்றும் அப்படியே.

"ஹலோ? இருக்கீங்களாம்மா?"

"அப்புறம் கூப்பிடறேன் சார்," என்று வைத்துவிட்டாள். வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மா. இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, மார்பில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். துடிப்பு தப்பினால் மணி அடிக்கும். அந்த மணி கண்டக்டரம்மா புரண்டு படுத்தாலும் அடித்தது, இருமினாலும் அடித்தது, டீவி பார்த்துச் சிரித்தாலும் அடித்தது. குடும்பமே கண் சிவந்து திரிந்தது. மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். பட்டையிலிருந்து வரும் எண்களை வீட்டுக் கணினியில் வாங்கி, அலுவலகத்தில் பருத்திக்காரருக்கு எழுதிய அதே கோட்டின் வழியாக விட்டாள். எண்ணைப் பார்த்து அடித்த மணியைக் கோட்டைப் பார்த்து அடிக்கும்படி மாற்றினாள். வீடு அமைதியானது. "வண்டி இப்பத்தான் தார் ரோட்டுக்கு வந்துச்சு கணக்கு," என்று மருமகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்தார் கண்டக்டரம்மா. கணக்கு என்பது மருமகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்.

கண்டக்டரம்மாவின் மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பதை நெருங்கும் அவளை வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆஸ்பத்திரில வெச்ச மணிய அடைக்க நீங்க யாரு அண்ணி?" என்று கேட்டாள். அண்ணன் தன் மனைவிக்குப் பரிந்து பேசினான். வார்த்தை தடித்தது. பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான். அம்மாவிடம் போனில் பேசுவதோடு சரி, வாசற்படி மிதிக்கவில்லை.

மருமகள் இப்போது அந்தச் சிறிய ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினாள்.

இதயம் ஒழுங்கு தப்பினால் எண்கள் எப்படி வரும்? ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகாது. தொண்ணூறு, ஐம்பது, நூற்றுப்பத்து, நாற்பத்தைந்து என்று சிதறும். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் எழுபத்துச் சொச்சம் வரும். ஆரோக்கியமான மனிதரின் எழுபத்துச் சொச்சம்.

பருத்திக்காரருக்கு எழுதியபோது, கோடு பின்னால் போவதற்கு ஓர் எல்லை வைத்திருந்தாள். இதற்கு மேல் போகாதே என்று ஒரே ஒரு வரி. வீட்டில் அதற்குப் பிறகும் மணி ஓரிரு முறை அடித்தபோது, சலிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டிருந்தாள். ஒரு விரல் தட்டில் அழித்த வரி. எழுதும்போது யோசிக்கிற அளவுக்கு அழிக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

கோட்டை மறைத்துவிட்டு, எண்களை மட்டும் காட்டும்படி மாற்றினாள்.

திரை முழுக்கப் புள்ளிகள். அறுந்த பாசிமணி தரையில் தெறித்தது போல மேலே, கீழே, ஓரத்தில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன இது, எந்த மார்க்கெட் இப்படி விழுந்து கிடக்கு?"

அவள் போனை எடுத்து மாமியாரின் எண்ணை அழுத்தினாள். அடித்தது, அடித்தது, அடங்கியது. மறுபடி. எடுக்கவில்லை. கணவனுக்கு அடித்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடும் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடைக்காது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது பதிவு செய்த குரல். உடனே அம்மாவைப் பார், நான் கிளம்புகிறேன் என்று செய்தி அனுப்பினாள்.

வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை. பாப்பா அங்கேதான் வேலை செய்தாள். சாவி ஒன்று அவளிடமும் உண்டு. மருமகளின் கட்டைவிரல் அந்தப் பெயரின் மேல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அழுத்தினாள். பையும் கணினியும் ஒரு கையில், போன் இன்னொரு கையில், படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.

"சொல்லுங்க." அந்தச் சொல்லில் அண்ணி இல்லை.

"பாப்பா, உடனே வீட்டுக்குப் போகணும். சாவி இருக்குல்ல?"

"கஸ்டமருக்குக் கண்ணாடி போட்டுப் பாத்துட்டிருக்கேன். என்ன விஷயம்?"

"அத்தை போன எடுக்கல."

"தூங்குவாங்க. இல்ல, போன எங்கயாவது வெச்சிருப்பாங்க. இதுக்குப் போய் என்னை எதுக்குக் கேக்கறீங்க? உங்க கோடு என்ன சொல்லுதுன்னு பாருங்க."

"கோடு நேரா இருக்கு பாப்பா. அதான் பயமா இருக்கு."

மறுமுனையில் யாரோ மூக்குக் கண்ணாடியின் விலை கேட்டார்கள். பாப்பாவின் குரல் போனுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

"புரியற மாதிரி சொல்லுங்க."

"நான் எழுதினது தப்பு. துடிப்பு தாறுமாறா போனா கோடு இன்னும் அமைதியாயிடும். மணி அடிக்கவே அடிக்காது. எத்தன நாளா இப்படியிருக்குன்னு தெரியல. திட்டறதெல்லாம் அப்புறம் திட்டு. இப்பப் போ."

மருமகள் வசவை எதிர்பார்த்தாள். கடைக் கதவின் கண்ணாடி அதிரும் சத்தம்தான் கேட்டது.

"போன வெச்சுடாதீங்க," என்றாள் பாப்பா. ஓட ஆரம்பித்திருந்தாள்.

வாடகைக் காரில் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள் மருமகள். பாப்பாவின் மூச்சு. ஒரு ஹாரன். யாரையோ இடித்துவிட்டு ஸாரி சொல்லும் குரல். படிகள். சாவி பூட்டுக்குள் போகாமல் உலோகத்தில் உரசியது. பிறகு உள்ளே போயும் திரும்பவில்லை.

"ஏன் திறக்க மாட்டேங்குது?"

"லேசா உன் பக்கம் இழுத்துட்டுத் திருப்பு. நீ போனப்புறம் பூட்டு மாத்தல, மழையில கதவு உப்பிடுச்சு."

கதவு திறந்தது. "அம்மா," என்றாள் பாப்பா. "அம்மா?"

பதில் வரவில்லை.

கார் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். போனில் கேட்ட அமைதியில், வீட்டின் ஒவ்வோர் அறையாக மருமகள் மனதுக்குள் போய்க்கொண்டிருந்தாள். கூடத்து நாற்காலி. கட்டிலின் மறுபக்கம், தரை. குளியலறைக் கதவு, உள்ளே தாழ்ப்பாள் போட்டது.

"எதுக்குடி இப்படி வேர்த்து விறுவிறுத்து வர்ற? வீடா பத்திக்கிச்சு?"

கண்டக்டரம்மாவின் குரல். தூரத்தில், பால்கனிப் பக்கமிருந்து.

"போன எடுக்கறதுக்கு என்னம்மா?"

"அது சமையல்கட்டுல கிடக்கு. எந்திரிச்சுப் போக அலுப்பா இருந்துச்சு. யாரு, கணக்கா லைன்ல? அவளுக்கு வேற வேலையே இல்ல."

"கையக் குடு."

"எதுக்கு?"

"குடுன்னா குடும்மா."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியும் புள்ளிகள்தான் தெரிந்தன.

"ரெண்டு அடிக்குது," என்றாள் பாப்பா. குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்ணக் காணோம். அப்புறம் மூணு நாலு சேந்து ஓடுது. எண்ண முடியல அண்ணி."

"ஆம்புலன்ஸ் கூப்பிடு. நான் அவருக்குச் சொல்லிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

அவசரப் பிரிவில் திரைச்சீலைகளுக்கு நடுவே கண்டக்டரம்மாவின் கட்டில். அவள் போய்ச் சேர்வதற்குள் கணவன் வந்துவிட்டிருந்தான். முழங்கை வரை கிரீஸ். ஒரு நர்ஸ் அவனைக் கட்டிலைத் தொடவிடாமல் ஒதுக்கி நிறுத்தியிருந்தாள். பாப்பா சுவரோரம் நின்றாள். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"வந்துட்டாளா?" என்றார் கண்டக்டரம்மா. முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளிறியிருந்தது, பேச்சில் குறைவில்லை. "ஒரு ஆளுக்கு மூணு பேரு கூட வந்திருக்கீங்க. இடம் விட்டு நில்லுங்க, நர்ஸம்மா நடமாட வேணாமா?"

டாக்டர் இளம்பெண். ராத்திரிதோறும் அன்றன்றைய கோடு வந்து சேரும் கணவனின் போனைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா பாருங்க டாக்டர், நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றான் அவன். "என் வொய்ஃப் எழுதினது. ஒரு தடவ கூட மணி அடிக்கல."

"நேத்து ராத்திரி வரைக்கும் சரியாத்தான் இருந்திருக்கு போல," என்றார் டாக்டர். "அப்ப இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. நல்லது. பிரஷர் இறங்கிட்டிருக்கு, ரொம்ப யோசிக்க வேணாம். சின்னதா மயக்கம் குடுத்து ஒரு ஷாக் குடுத்துடலாம். இதயம் பழையபடி ஓட ஆரம்பிச்சுடும்."

நர்ஸ் சக்கரம் வைத்த ஒரு பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

கணவன் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தான். பாத்தியா, உன் கோடு எவ்வளவு உதவியாக இருக்கிறது என்கிற தலையசைப்பு. அவளை நம்பித்தான் தங்கையை எதிர்த்துப் பேசினான். அந்த நம்பிக்கையோடு இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

பாப்பா அவளையே பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

"டாக்டர்," என்றாள் மருமகள். "அந்தக் கோட்டப் பாக்காதீங்க."

"என்ன பேசற?" என்றான் கணவன்.

"அது பொய். துடிப்பு தப்பினா அது நேராயிடும். நான் அப்படி எழுதிட்டேன். இன்னைக்குத்தான் ஆரம்பிச்சுதுன்னு அத வெச்சு முடிவு பண்ணாதீங்க."

டாக்டர் கையை உயர்த்த, நர்ஸ் பெட்டியை நிறுத்தினாள்.

"இது ரொம்ப முக்கியம்," என்றார் டாக்டர். "இதயத்தோட மேல் அறை ஒழுங்கா துடிக்காம நடுங்கிட்டிருக்கு. இப்படி ரெண்டு நாளைக்கு மேல நடுங்கினா ரத்தம் உள்ளேயே தேங்கி உறைஞ்சிருக்கலாம். அது தெரியாம ஷாக் குடுத்து இதயத்த ஓட வெச்சா, அந்தக் கட்டி நேரா தலைக்குப் போகும், ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். எப்ப ஆரம்பிச்சுதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

மருமகள் கட்டிலின் கால்மாட்டில் கணினியைத் திறந்தாள். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். புள்ளிகள் வந்தன. இன்று, சிதறல். பின்னால் தள்ளினாள். நேற்று, சிதறல். இன்னும் பின்னால். முந்தின நாள். எங்கேயாவது ஓரிடத்தில் புள்ளிகள் ஒழுங்காகச் சேர்ந்து ஒரு கயிறாகும் என்று தள்ளிக்கொண்டே போனாள். அதற்கும் முந்தின நாளும் சிதறல்தான். திரை வெறுமையானது.

"அதுக்கு முன்னாடி?" என்றார் டாக்டர்.

"எண்களை வெச்சுக்கல. இடம் அடைக்குமேன்னு அழிஞ்சு போற மாதிரி எழுதியிருக்கேன். அதுக்கு முன்னாடி கோடு மட்டும்தான் இருக்கு."

கணவன் போனை டாக்டரிடமிருந்து வாங்கி, திரை கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்தான். கிரீஸ் விரல் அதன் முதுகில் பதிந்தது.

"அத்தை," என்றாள் மருமகள். "உங்களுக்கு ஒண்ணுமே தெரியலயா? படபடப்பு, மூச்சு வாங்கறது?"

"வாங்குச்சே," என்றார் கண்டக்டரம்மா சாதாரணமாக. "நாலஞ்சு நாளா இருக்கும். பாத்ரூம் போய்ட்டு வந்தாலே நெஞ்சுக்குள்ள யாரோ மூட்டையத் தள்ற மாதிரி இருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?" பாப்பாவின் குரல் உடைந்தது. "தினமும் போன்ல பேசறேன். வாய் மூடாம பேசற. இத ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். கோட்டப் போய்ப் பாத்தேன். நேரா இருந்துச்சு. சரி, நமக்குத்தான் வீண் பயம், புள்ளைங்க இப்பத்தான் தூங்கறாங்கன்னு விட்டுட்டேன்." மருமகளைப் பார்த்தார். "நீ எதுக்கு அழற? நாந்தானே வாயத் திறக்கல."

அழுகிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொன்னார். சக்கரப் பெட்டி வெளியே போனது. "ஷாக் இப்ப வேணாம். மொதல்ல ரத்தம் உறையாம இருக்க மருந்து. உள்ள கட்டி இருக்கான்னு ஸ்கேன் பாத்துட்டு அப்புறம் யோசிப்போம். அதுவரைக்கும் துடிப்ப மருந்தாலயே பிடிச்சு வைக்கணும். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு," என்றார் மருமகளிடம். அது ஆறுதலாகச் சொன்னதா, வெறும் தகவலா என்று தெரியவில்லை.

பாப்பா சுவரை விட்டு வந்து அண்ணியின் கையிலிருந்து கணினியை வாங்கி மூடினாள். "உக்காருங்க," என்றாள். "விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா உங்களுக்கு வேற ஒரு கட்டில் தேடணும்."

கணவன் மட்டும் இன்னும் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்தினார். "அம்மா, ஒரு சின்ன சோதனை. ரெண்டு கையையும் எனக்கு முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாத்த மாதிரி. ம், அப்படித்தான். இப்ப கண்ண மூடிக்கிட்டு அப்படியே வெச்சிருங்க."

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

கண்டக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கைகளும் காற்றில் நின்றன. மருத்துவமனையில் கட்டிய அடையாளப் பட்டை ஒரு மணிக்கட்டில் தளர்ந்து தொங்கியது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது கை, தண்ணீரில் நனைந்த துணி போல, கனத்துக் கீழே இறங்க ஆரம்பித்தது. மெதுவாக. உள்ளங்கை உள்பக்கமாகத் திரும்பியது. வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது.

மருமகள் எழுந்துவிட்டாள். அந்தக் கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துவிட ஓரடி எடுத்து வைத்தாள். டாக்டர் அவளைப் பார்க்காமலே, தொடாதீங்க என்பது போல விரலை அசைத்தார். டாக்டரின் முகத்தில் இதுவரை இருந்த நிதானம் போயிருந்தது.

கை போர்வையைத் தொட்டது. கண்டக்டரம்மாவுக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடியபடியே, இரண்டு கையும் நீட்டித்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில், லேசாகச் சிரித்தார்.

"சரியாத்தானே வெச்சிருக்கேன் கணக்கு?" என்று கேட்டார்.